அவள் கோத்த பெயர்

"எங்கப்பா பேரு இன்னும் பெரிசா வரணும்னு சொல்லு" என்றார் அரிகரன்.

மணிபாரதி கைபேசியைக் காதிலிருந்து விலக்கி, தகப்பனை நிமிர்ந்து பார்த்தான். மறுமுனையில் பாகூர் கடைத்தெரு ஃப்ளெக்ஸ் கடை வீரமணி காத்திருந்தான். கூடத்தின் நடுவே ஐஸ் பெட்டிக்குள் அரிகரனின் தங்கை புவனேஸ்வரி படுத்திருந்தாள். கண்ணாடி மூடியில் வேர்த்திருந்த நீரை ஒரு பெண் அடிக்கடி துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு மேல பெரிசாப் போட்டா தாத்தா பேருதான்பா தெரியும். செத்தது தாத்தான்னு நெனச்சிக்குவாங்க."

"நெனச்சிக்கட்டும். பச்சையப்பன் பொண்ணுன்னுதான் ஊருக்கு அவளத் தெரியும்."

மணிபாரதி மறுபடி கைபேசியில் பேசினான். பேசிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான். "பொம்பளைங்களுக்குப் போடறதுல பேருக்குக் கீழ வூட்டுக்காரர் பேரு வர்ற எடம் ஒண்ணு இருக்காம். அத எடுத்துட்டா நடுவுல மொட்டையா நிக்குமாம். இன்னா பண்றதுன்னு கேக்கறான்."

"அந்த எடத்துல எங்கப்பா பேரப் போடச் சொல்லு."

"திருமதியா, செல்வியா?"

கூடத்தில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அறுபதைத் தாண்டியவளைச் செல்வி என்று போட்டால் தெருவில் போகிறவன் சிரிப்பான். திருமதி என்று போட்டால் அது பொய். அரிகரன் தோள் துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"அமரர்னு போடச் சொல்லு. ப. புவனேஸ்வரி. அவ்ளோதான்."

அந்த வீட்டு ஆண்கள் அழுது ஊர் பார்த்ததில்லை. பச்சையப்பன் தம் மனைவி இறந்த அன்று சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னவர். இன்று காலை குழாயடியில் குடத்தின் மேல் சாய்ந்து கிடந்த தங்கையைத் தூக்கி வந்து படுக்க வைத்துவிட்டு, அரிகரன் முதலில் செய்த காரியம் முகம் வழித்துக்கொண்டதுதான். வருகிறவர்களை எதிர்கொள்ள வேண்டும். அவரைவிட்டால் அந்த வீட்டில் எதிர்கொள்ள ஆளும் இல்லை. மனைவி செல்வகுமாரி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. மகன் புதுச்சேரி டவுனில் இருக்கிறான். விடிந்தால் பொழுது போனால் அந்த வீட்டில் அண்ணனும் தங்கையும்தான்.

வீரமணி அனுப்பிய மாதிரியை மணிபாரதி காட்டினான். எந்தக் கல்யாணத்திலோ எடுத்த படம். புவனேஸ்வரியின் முகம் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டு, பின்னால் மேகமும் புறாவும் சேர்க்கப்பட்டிருந்தன. பச்சையப்பனின் பெயர் தடித்து அகலமாக நின்றது. அதற்கு இடம் விடுவதற்காக அவளுடைய பெயரின் எழுத்துகள் இருபுறமும் அமுக்கப்பட்டு, ஒன்றன் தோளில் ஒன்று ஏறி, ஒல்லியாக நெட்டையாக நின்றன.

இடிக்குது.

காதுக்குள் அவள் குரலே கேட்டதுபோல் இருந்தது. அரிகரன் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி, அடிக்கச் சொல்லு."

*

இடிக்குது என்பது அவள் சொல். அரிசி மூட்டையின் மேல், பஸ்ஸின் நெற்றியில், கோயில் திருவிழா நோட்டீசில், எங்கே அச்செழுத்தைக் கண்டாலும் ஒரு கணம் நின்று பார்ப்பாள். ஒன்று, "நல்லா உக்காந்திருக்கு" என்பாள். அல்லது, "இடிக்குது" என்பாள். மணிபாரதியின் கல்யாணப் பத்திரிகையை ஊரே தங்க முலாம் என்று மெச்சியபோது அவள் மட்டும் விரலால் தடவிப் பார்த்து, "பொண்ணு பேரு இடிக்குது" என்றாள். அரிகரன் அன்றைக்கு அவளை முறைத்தார்.

அவள் வில்லியனூரில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோத்தவள். பள்ளிப்படிப்பு முடிந்ததும் போனாள். போகச் சொன்னவர் பச்சையப்பன்தான். அச்சக முதலாளி அவருக்குத் தெரிந்தவர், பெண்கள் மட்டும் தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை என்று சொல்லி அழைத்துப் போனார். மரத் தட்டில் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒன்றாக ஈய எழுத்துகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லாக, வரியாக அடுக்க வேண்டும். எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும். தாளில் பதிந்தால்தான் நேராகும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரவுச் சோற்றின்போது அவள் வாய் ஓயாது. "எழுத்துக்கு மூஞ்சி இருக்குண்ணா. தோளு இருக்கு. காலு இருக்கு. ஆள மாதிரியேதான்" என்பாள். ஒருநாள் சொன்னாள்: "நம்ம எழுத்த மொதமொத ஈயத்துல வார்த்தது கப்பல்ல வந்த பாதிரிங்களாம்ணா. ஓலையில கீறியிருந்ததப் பாத்துப் பாத்து செஞ்சாங்களாம். ஓலையில புள்ளி வச்சா கிழிஞ்சிரும்னு வைக்கவே மாட்டாங்களாம். அச்சு வந்தப்பறம்தான் புள்ளி நெலயா நின்னுச்சாம்."

"அப்ப நம்ம எழுத்தயே வேதத்துல சேத்துட்டானுங்கன்னு சொல்லு" என்றார் அரிகரன்.

அவள் சிரித்தாள். சோற்றில் கை வைத்தபடி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எழுத்தையும் கிறிஸ்தவத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று அவர் வெறும் கேலியாகத்தான் சொன்னார். அடுத்த கரும்பு வெட்டின்போதுதான் அந்தச் சிரிப்பு ஏன் அவ்வளவு நேரம் நீண்டது என்று அவருக்குப் புரிந்தது.

அப்போது பச்சையப்பன் உயிரோடு இல்லை. குடும்பத்துக்குத் தலை அரிகரன். அச்சக முதலாளி வயலுக்கே தேடி வந்தார். வரப்பில் நின்று, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுற்றி வளைத்துப் பேசினார். மெஷின் ஓட்டுகிற பையன், மரியசுந்தரம் என்று பெயர். வேதக்காரப் பையன், ஆனால் ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. இரண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது. தப்பாக எதுவும் நடக்கவில்லை. அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால்...

"அந்தப் பேச்ச இந்த வரப்புலயே விட்டுட்டுப் போயிடுங்க" என்றார் அரிகரன்.

அவ்வளவுதான் நடந்தது. வீட்டில் சத்தம் இல்லை, அடி இல்லை, பூட்டு இல்லை. அவர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வேலையை நிறுத்தினால் ஊர் காரணம் கேட்கும் என்று அவரும் நிறுத்தவில்லை. வில்லியனூர்ப் பக்கம் போனபோது ஒருநாள் மெஷின் அறைப் பக்கம் எட்டிப் பார்த்து அவனை ஒரே ஒருமுறை கண்டார். மை படிந்த பனியனோடு குனிந்து நின்றிருந்தான். அடுத்த வருஷமே அவன் தன் பங்குக் கோயிலில் செலின் மேரி என்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று கேள்விப்பட்டார். அன்றிரவு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

புவனேஸ்வரிக்கு நெட்டப்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. கடலூர்ப் பக்கமிருந்து வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில். "வேணாம்ணா." அதில் கோபம் இல்லை. கெஞ்சல் இல்லை. சோறு போதும் என்று சொல்வதுபோல் சொல்வாள். வருஷங்கள் போகப் போகக் கேட்பவர்களும் நின்றுபோனார்கள். தலை குனிந்து போய்த் தலை குனிந்து வந்தவள், வேலைக்குப் போயும் வீட்டுப் பேரைக் காப்பாற்றியவள் என்று உறவில் அவளை உதாரணம் காட்டினார்கள். அதை முதலில் சொன்னவர் அரிகரன்தான். சொல்லும்போதெல்லாம் அவர் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும்.

அச்சகம் மூடின அன்று அவள் மதிய பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். குழாயடியில் வெகுநேரம் கை கழுவினாள். அதற்குப் பிறகு வில்லியனூர்ப் பக்கம் போனதில்லை.

*

"டேய் அரி, வாழக்கன்னுக்குச் சொல்லியாச்சா?"

கேட்டவள் கலியம்மாள், அவருடைய சின்னம்மா. சித்தப்பாவின் மனைவி. எண்பதைத் தாண்டியும் எல்லாச் சாவுக்கும் முதல் ஆளாக வந்து, எது முன்னால் எது பின்னால் என்று உத்தரவு போடுகிறவள். உலகத்தில் அரிகரனை இன்னும் டா போட்டுக் கூப்பிடும் ஒரே மனுஷி.

"அந்த வயசுல அதெல்லாம் வேணுமா ஆயா?" என்றான் மணிபாரதி.

"வயசு இன்னாடா வயசு. தாலி ஏறாத கழுத்து. அப்படியே நெருப்புக்குக் குடுத்தா வூட்டையே சுத்திச் சுத்தி வருவா. வாழக்கன்ன மாப்பிள்ளையா நிறுத்தி, மஞ்சக் கயிறு கட்டி, அப்பறந்தான் தூக்கணும். ஒங்க தாத்தன் காலத்துலருந்து அதான் மொற. கேளு ஒங்கப்பனை."

"மொற எதுவோ அதச் செய்யுங்க" என்றார் அரிகரன். "கொல்லையில நல்ல கன்னு நிக்குது. வெட்டியாரச் சொல்லுங்க."

பதினொரு மணி வாக்கில் ஃப்ளெக்ஸ் வந்தது. தெருமுனையில் இரண்டு சவுக்குக் கழி நட்டுக் கட்டினார்கள். அரிகரன் வாசலில் நின்றபடியே பார்த்தார். அவ்வளவு தூரத்திலிருந்தும் தகப்பனார் பெயர் தெளிவாகத் தெரிந்தது. தங்கையின் பெயர் இருக்கிற இடத்தில் ஏதோ கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது.

அந்தப் பட்டைக்குக் கீழே ஒருவர் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த தலை. கையில் ஹெல்மெட். வெகுநேரம் பார்த்துவிட்டு, மெதுவாக வீட்டை நோக்கி வந்தார். தெருவில் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. அரிகரனுக்குத் தெரிந்தது. ஒரே ஒருமுறை பார்த்த முகம்தான்.

மரியசுந்தரம் மாலை எதுவும் கொண்டுவரவில்லை. கூடத்துக்குள் போய், ஐஸ் பெட்டியின் கால்மாட்டில் நின்றார். வலது கை நெற்றிக்குப் போயிற்று. அங்கிருந்து மார்புக்கு வந்தது. தோளுக்குப் போகுமுன், இது யார் வீடு என்று நினைவு வந்ததுபோல் அப்படியே நின்று, கீழே இறங்கிவிட்டது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே வந்து அரிகரன் எதிரில் நின்றார்.

"ஐயா, ஒரு நிமிஷம் தனியா."

எதுவானாலும் இங்கேயே சொல்லலாம் என்று சொல்லத்தான் அரிகரன் வாயெடுத்தார். வாசலில் நின்றவர்களின் கண்கள் தம் மேல் இருப்பது உறைத்தது. வைக்கோல் போருக்குப் பின்னால் நடந்தார். மரியசுந்தரம் பின்தொடர்ந்தார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலம் வந்தது. பிரித்தால், விரல் நீளத்துக்கு ஒரு ஈயத் துண்டு. துண்டு இல்லை. ஒட்டி நின்ற ஈய எழுத்துகளின் வரிசை. சுற்றிலும் சணல் நூல் வரிவரியாக இறுக்கிக் கட்டியிருந்தது.

"அச்சகம் மூடுன அன்னிக்கு அவங்க கோத்தது. மத்த எழுத்தெல்லாம் மூட்டையாக் கட்டி எடைக்குப் போட்டாங்க. இத மட்டும் எடுத்து என் கையில குடுத்தாங்க."

"ஒன் கையில எதுக்கு?"

"தெரியலைங்க. வச்சிக்கோங்கன்னாங்க. வச்சிருந்தேன்."

"ஒன் பொண்டாட்டிக்குத் தெரியுமா இது?"

"அவதாங்க பீரோவுலருந்து எடுத்துக் குடுத்தா. அவங்க பொருளு, அவங்களோடயே சேத்துட்டு வாங்கன்னு அனுப்பினா."

வைக்கோல் போரின் அடியில் கோழி ஒன்று கிளறிக்கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

"இன்னா கோத்திருக்கா?"

"அவங்க பேருதாங்க."

"பேரு மட்டும்தானா?"

மரியசுந்தரம் கைக்குட்டையை மறுபடி மடித்தார். பொட்டலத்தை அப்படியே அரிகரனின் கையில் வைத்தார்.

"நீங்களே பாருங்கய்யா. ஒங்களுக்குச் சரின்னு பட்டா அவங்களோட வச்சிருங்க. படலன்னா ஏரியில போட்ருங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

திரும்பி நடந்தார். வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் உட்காரவில்லை. தெருமுனைவரை போய், ஃப்ளெக்ஸ் நிழலில் நின்றுகொண்டார்.

*

அரிகரன் கொல்லையைத் தாண்டி மோட்டார் கொட்டகைக்குள் போனார். கதவைச் சாத்தினார். பலகை இடுக்கில் வந்த வெளிச்சத்தில் ஈயத்தைத் தூக்கிப் பிடித்தார்.

எதுவும் புரியவில்லை. எழுத்துகள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. சாம்பல் நிற மேடுகள். வ போல ஒன்று, ஆனால் வ இல்லை. கொம்பு இருக்க வேண்டிய பக்கத்தில் கால் இருந்தது. வலக்கோடியில் ஒரு புள்ளி, அதற்கு அப்பால் தனியாக ஒரு எழுத்து. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

அவள் இதை ஒரு பார்வையில் படிப்பாள். அவருக்கு அது ஒன்றுதான் அப்போது தோன்றியது. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ், சோறு வச்சிருக்கேன், ம், விளக்க அணைக்கட்டா, ம் என்று வாழ்ந்தாயிற்று. அவளுக்குப் படிக்கத் தெரிந்ததில் ஒரு வரிகூட அவருக்குத் தெரியவில்லை.

மகனைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கைபேசியில் படம் எடுத்துத் திருப்பிக் காட்டிவிடுவான். ஆனால் அதில் இருக்கக்கூடாதது இருந்தால், அது அவன் கண்ணிலும் பட்டுவிடும். பச்சையப்பன் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது என்று இன்னொரு ஆளுக்குத் தெரிந்துவிடும். ஏரி பக்கத்தில்தான். கரை ஏறி ஒரு வீச்சு. கேட்க மாட்டேன் என்று மரியசுந்தரமே சொல்லிவிட்டான்.

"அரி! டேய் அரி! எங்கடா போய்ட்டான் இவன்? வாழக்கன்னு வந்தாச்சி. குளிப்பாட்டியாச்சி. நல்ல நேரம் போவுது!"

கலியம்மாளின் குரல் கொல்லைப்புறம்வரை வந்து திரும்பிப் போயிற்று. அரிகரன் ஈயத்தைக் கைக்குள் வைத்து மூடினார். மூடிய கையை மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு, பம்புசெட் மேடையில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் உட்கார்ந்தது அப்போதுதான். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று அவருக்குத் தெரியாது. அழுகிறோமோ என்று ஒரு சந்தேகம் வந்து, இடது கையால் முகத்தைத் தடவிப் பார்த்தார். முகம் காய்ந்துதான் இருந்தது. வலது கைதான் வலித்தது.

விரல்களைப் பிரித்தார். ஈயம் மடியில் விழுந்தது.

மண்வெட்டி பிடித்துக் காய்த்திருந்த கை, வேலை விட்டு வயதாகி மெத்தென்று ஆகிவிட்டிருந்தது. அதன் நடுவில், ரேகைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, சிவப்பாக, நேராக, ஓர் எழுத்தோடு ஓர் எழுத்து இடிக்காமல், அவர் தங்கையின் பெயர் உட்கார்ந்திருந்தது.

புவனேஸ்வரி.

பெயருக்கு முன்னால் புள்ளி. புள்ளிக்கு முன்னால் ஓர் எழுத்து. முதல் பார்வையில் அது ப என்றுதான் தெரிந்தது. பச்சையப்பன் பெண். கடைசிவரை பச்சையப்பன் பெண். பிறகு கையை வெளிச்சத்துக்கு இன்னும் நெருக்கிப் பிடித்தார். அந்த எழுத்தின் வலது பக்கம் ப-வில் நிற்பதுபோல் நிற்கவில்லை. வளைந்து, சுழித்து முடிந்திருந்தது.

ம.

கட்டிக்கொடுத்த பெண்கள் தகப்பன் எழுத்தை விட்டுவிட்டுப் புருஷன் எழுத்தைப் போட்டுக்கொள்வார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். செல்வகுமாரியும் இந்த வீட்டுக்கு வந்த மறுவாரமே ரேஷன் கார்டில் மாற்றிக்கொண்டாள். ஊர் கூடிப் பந்தல் போட்டு, மேளம் கொட்டிச் செய்கிற காரியத்தை, இவள் யாருக்கும் தெரியாமல், யாரையும் நோகடிக்காமல், மூடப்போகிற ஒரு அச்சகத்தில் கடைசி நாள் மத்தியானம் செய்து முடித்திருக்கிறாள். செய்துவிட்டு பஸ் ஏறி வந்து, குழாயடியில் கை கழுவி, அண்ணனுக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

பார்க்கப் பார்க்கச் சிவப்பு மங்கத் தொடங்கியது. முதலில் புள்ளி போயிற்று. பிறகு கொம்புகள். அரிகரன் கையை அசைக்காமல் வைத்திருந்தார். எல்லாம் போய் வெறும் கையாக ஆன பிறகுதான் எழுந்தார்.

*

கூடத்தில் பெட்டியிலிருந்து எடுத்து, குளிப்பாட்டிப் புதுப் புடவை சுற்றி அவளைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றது வாழைக்கன்று. அதன் இடுப்பில் ஒரு புது வேட்டித் துண்டு. கலியம்மாளின் கையில் மஞ்சள் கயிறு தயாராக இருந்தது.

"வந்துட்டியா. சாமியக் கும்பிட்டு நீ எடுத்துக் குடுறா கயித்த. அண்ணன்காரன்தான் குடுக்கணும்."

"வாழ வேணாம்" என்றார் அரிகரன்.

"இன்னாது?"

"வேணாம். கன்ன எடுத்து வெளிய வைங்க."

"புத்தி கலங்கிப் போச்சாடா ஒனக்கு? காலையில நீதான மொறையச் செய்யுங்கன்ன?"

"காலையில சொன்னேன். இப்ப வேணாங்கறேன்."

"கன்னியாவே எரிப்பியாடா இவள? ஊரு இன்னாடா சொல்லும்?"

வாழ்நாளெல்லாம் அவர் பிறரைப் பார்த்துக் கேட்ட கேள்வி. அதை இப்போது அவர் முகத்துக்கு நேரே சின்னம்மா கேட்டபோது, அவர் துண்டைச் சரி செய்துகொள்ளவில்லை.

"சொல்லட்டும்" என்றார்.

கலியம்மாள் அரிகரனையே பார்த்தாள். மூடியிருந்த அவர் வலது கையைப் பார்த்தாள். கண்களைச் சுருக்கி, வாசலுக்கு அப்பால் தெருமுனையில் நின்றிருந்த நரைத்த தலையைப் பார்த்தாள். எத்தனையோ வீட்டுச் சாவுகளைத் தூக்கிவிட்ட கிழவி. கையிலிருந்த மஞ்சள் கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கறீங்க? கன்ன எடுத்துக் கொல்லையில சாத்துங்க. வாய்க்கரிசி கொண்டாங்க, வெயிலு ஏறுது" என்று பெண்களை அதட்டினாள்.

சுடுகாட்டில் எருமுட்டை அடுக்கும்போது, மூடுவதற்கு முன் அரிகரன் ஆட்களை விலகச் சொன்னார். குனிந்து, தங்கையின் வலது கை விரல்களுக்கு அடியில் ஈயத்தை வைத்தார். விரல்கள் விறைத்திருந்தன. பெருவிரலையும் சுட்டுவிரலையும் அதன் மேல் படும்படி மெல்ல மடக்கிவிட்டார்.

"இன்னாப்பா அது?" என்றான் மணிபாரதி.

"அவளோடது."

கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். வரப்பின் மேல், சுடுகாட்டு எல்லைக்கு வெளியே, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி மரியசுந்தரம் நின்றிருந்தார். அரிகரன் அவரைக் கடக்கும்போது நடை ஒரு கணம் தடைப்பட்டது. தலையை மட்டும், யாருக்கும் தெரியாத அளவுக்கு, ஒருமுறை அசைத்தார். அவருக்காவது தெரிந்ததா என்று பார்க்க நிற்கவில்லை.

சாயங்காலத்துக்குள் உறவு கலைந்துவிட்டது. மணிபாரதி ராத்திரி தங்குகிறேன் என்றான். மறுநாள் குழந்தைக்குப் பரீட்சை என்று அவன் மனைவி போனில் சொல்வது கேட்டது. "நீ போய்ட்டு வெடியக்காலம் வந்துருடா. எனக்கு இன்னா பயமா" என்று அனுப்பி வைத்தார். கலியம்மாள் கொடுத்தனுப்பிய சோறு மூடியபடி இருந்தது. டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். செய்தியின் அடியில் எழுத்துகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன.

"இடிக்குது" என்றார், வாய்விட்டு.

பின்கட்டிலிருந்து பதில் எதுவும் வரவில்லை. சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே தள்ளி வைத்தார்.

*

காலையில் பால் தெளிக்கப் போனபோது சாம்பல் அடங்கியிருந்தது. சுடுகாட்டு வேலை பார்க்கும் அய்யனார் தண்ணீர் தெளித்து, கால்பக்கத்திலிருந்து எலும்புகளைப் பொறுக்கிப் புதுச் சட்டியில் போட்டுக்கொண்டே வந்தான். நடுவில் கை நின்றது.

"இன்னாங்க இது? ஈயமாட்டம் இருக்கு." சாம்பலைத் தட்டி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "கொலுசு கிலுசு கழட்டாம வுட்டுட்டீங்களா? உருகி ஓடிக் கெடக்கு. தூக்கி எறிஞ்சிரவா?"

"குடு" என்றார் அரிகரன்.

கூழ்ச் சொட்டு விழுந்து உறைந்ததுபோல் இருந்தது. ஒரு பக்கம் மண் ஒட்டிச் சொரசொரப்பு. மறுபக்கம் வழவழப்பு. அவர் அதை வேட்டி முனையால் துடைத்தார். வலது கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

கடலுக்குப் போக வேன் வந்திருந்தது. மணிபாரதி மஞ்சள் துணி கட்டிய சட்டியை அவர் மடியில் வைத்தான்.

"ரெண்டு கையாலயும் புடிச்சிக்கப்பா. ரோடு மோசமா இருக்கும்."

அவர் இடது கையால் சட்டியை அணைத்துக்கொண்டார். தெருமுனையில் வேன் திரும்பியபோது ஃப்ளெக்ஸ் காற்றில் உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வேன் ஏரிக்கரை மேல் ஏறியது. வலது கையை இறுக்கி மூடினார். நேற்று மூடியதுபோலவே, வலிக்கும்வரை, விரல் வெளுக்கும்வரை.

கரை இறங்கியதும் திறந்து பார்த்தார்.

கையில் சாம்பல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. வட்டமாக ஒரு சிவப்பு. அதில் எழுத்து எதுவும் இல்லை. அவருடைய ரேகைகள் மட்டும் இருந்தன.

"இன்னாப்பா கையில?" என்றான் மணிபாரதி, முன் இருக்கையிலிருந்து திரும்பி.

"ஒண்ணுமில்லடா" என்று அவர் கையை மறுபடி மூடிக்கொண்டார்.